அரங்கும் மைதானமும்

விளையாட்டரங்கு ஒன்றைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவது பொருத்தமாகுமா என நண்பர்கள் சிலர் வினவக்கூடும். கோயிற் கோபுரங்களையும் அரண்மனைச் சிற்பங்களையும் சமுதாய வரலாற்றின் சான்றுகளாகக் கொண்டு ஆராய்வதை நாம் ஏற்றுக்கொண்டு நெடுநாளாகிறது. எமது காலத்து அரசுகள் பொதுமக்கள் பணத்தைக் கொண்டு எழுப்பும் கட்டடங்களுள் மிகுந்த ஆரவாரத்தோடு அடிக்கல் நாட்டப்படுவனவும் திறந்துவைக்கப்படுவனவும் விளையாட்டரங்குகளே. பண்டைக் கல்வெட்டொன்றைப் படிக்கையில் நிலத்தைக் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், அதில் உழுதவர் பெயர் ஏன் காணப்படவில்லை என்று கேட்கும் ஆய்வாளன், அரங்கின் வாயிலிற் பதித்த பளிங்குக் கல்லின் முன்னால் மட்டும் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி, யாழ்ப்பாண நகரை அடுத்துள்ள மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கு ஒன்றுக்குச் சனாதிபதி அனுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படும் அச்சிறு தீவிலே 48 ஏக்கர் நிலம் இதற்கென ஒதுக்கப்பட்டது. செய்தி வெளியானபோது தமிழ் மக்களிடையே எழுந்த மகிழ்ச்சி பொய்யானதென நாம் கூறமாட்டோம். இலங்கையில் சர்வதேசப் போட்டிகள் நடைபெற்ற இடங்களை எண்ணிப் பார்த்தால் கொழும்பு, மொறட்டுவை, காலி, கண்டி, பல்லேகல, தம்புள்ளை, அம்பாந்தோட்டை என அடுக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றேனும் இல்லை. போரிலே வீட்டையும் உறவினரையும் இழந்த மக்கள், பிறருக்குக் கிடைத்தது தமக்கும் கிடைக்கிறது என்று எண்ணி மகிழ்வதில் வியப்பென்ன? யாழ்ப்பாணத்துக்கு அரங்கு கிடைத்தால், உலகப் புகழ்பெற்ற துறைமுகத்தைக் கொண்ட திருகோணமலைக்கு எப்போது என்ற கேள்வி இங்கும் எழுவது இயல்பே. அக்கேள்வி மேடைப் பேச்சாகவும் தேர்தல் வாக்குறுதியாகவும் உருக்கொள்ளுமுன், துறைமுகப் பகுதியில் வாழும் நாம் சில செய்திகளை ஆற அமர ஆராய்ந்து வைத்துக்கொள்வது நன்று.

சமத்துவம் கோருவோர் எதிலே சமத்துவம் என்பதையும் கேட்டாக வேண்டும். தென்னிலங்கைக்குக் கிடைத்தது யாது?

அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ, நீர்ப்பாசனத்தை நம்பிக் குடியேறிய சிறு விவசாயிகள் நெல்லும் வாழையும் பயிரிட்டு வாழும் பகுதி. அங்கே, கடற்கரைப் பட்டினத்திலிருந்து வெகுதூரம் உள்ளே, காட்டோரத்தில், ஏறத்தாழ 35,000 பேர் அமர்ந்து பார்க்கக்கூடிய அரங்கொன்று 2009ல் தொடங்கி எழுப்பப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்டது அன்று ஆட்சிப்பீடத்தில் இருந்த சனாதிபதி மகிந்த ராஜபக்சவின் பெயர். வாழும் மன்னன் தன் பெயரால் ஊருக்கும் ஏரிக்கும் பெயரிடுவது நிலப்பிரபுத்துவ காலத்து வழக்கம்; குடியரசிலே அது தொடர்ந்ததைக் கண்டு நகைத்தோர் மிகச் சிலரே. 2011 உலகக் கிண்ணப் போட்டிகளில் இவ்வரங்கில் நடைபெற்றவை இரண்டு. பெப்ரவரி 20ஆம் திகதி இலங்கையும் கனடாவும் ஆடின. 23ஆம் திகதி பாகிஸ்தானும் கென்யாவும் ஆடின. சூரியவெவவிலும் பல்லேகலவிலும் புதிதாகக் கட்டியதற்கும் கொழும்பு பிரேமதாச அரங்கைப் புதுக்கியதற்கும் பட்ட கடனால் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் திணறிற்று. உலகக் கிண்ணத்தின் இறுதிப் போட்டிவரை சென்ற வீரர்களுக்கே மாதக்கணக்கில் ஊதியம் கிடைக்கவில்லை. நிறுவனம் அரசின் கையை எதிர்பார்த்து நின்றது. அரசின் கை என்பது வேறொன்றுமன்று. சூரியவெவ விவசாயியும் திருகோணமலை மீனவனும் சீனி வாங்கும்போதும் மண்ணெண்ணெய் வாங்கும்போதும் செலுத்திய வரிதான்.

அதே ஆண்டு நவம்பரில், 2018ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டு விழாவை அம்பாந்தோட்டைக்கு வேண்டிக் கரீபியன் தீவொன்றுக்குப் பெருங்குழு சென்றது. 27 வாக்குகள் பெற்று, 43 வாக்குகள் பெற்ற அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரிடம் தோற்றுத் திரும்பியது. அது எமக்கு நேர்ந்த நற்பேறு என்றே கொள்ள வேண்டும். அதே அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026ஆம் ஆண்டு விழாவை ஏற்று, செலவு கட்டுக்கடங்காது எனக் கண்டு 2023 யூலையில் கைவிட்டது. செல்வ நாட்டுக்கே தாங்காத பாரத்தை நாம் கேட்டு வாங்கப் போனோம்.

சூரியவெவ அரங்கு பயன்படவேயில்லை என்று கூறுவது நேர்மையாகாது. பயன்பட்டது. 2020 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் லங்கா பிரீமியர் லீக் எனும் வர்த்தகப் போட்டித் தொடரின் முதலாவது ஆட்டம் தொடங்கி இறுதியாட்டம் வரை அனைத்தும் அங்கேயே நடைபெற்றன. தொற்றுநோய்க் காலமாதலால் பார்வையாளர் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. 35,000 ஆசனங்களும் வெறுமையாய்க் கிடக்க, அவற்றின் நடுவே வெற்றிக் கிண்ணத்தை ஏந்தியது எந்த அணி? யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணி! ஆளில்லாத அரங்கிலே, அரங்கில்லாத ஊரின் பெயரால் வென்ற அக்காட்சியை ஓர் எழுத்தாளன் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகைப்படுத்தினான் என்று நாமே குறை கூறியிருப்போம். அங்கே மக்கள் தேவைப்படவில்லை. ஒளிபரப்புக் கருவிகளே தேவைப்பட்டன.

அரங்கொன்றினால் நாடு திவாலாகிவிடவில்லை என்று சிலர் விடையிறுப்பர். உண்மையே. ஆயினும் அரங்கு தனித்து நின்றதன்று. அதே மாவட்டத்தில் துறைமுகம் எழுந்தது. 2013ல் மத்தள விமான நிலையம் திறக்கப்பட்டது. 2017ல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. இவை யாவற்றுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றே: முதலில் கட்டுவோம், மக்கள் பின்னர் வருவர்.

இந்நோய் எமது நாட்டுக்கே உரியதெனத் தலைகுனிய வேண்டியதில்லை. முதலாளித்துவத்தின் தாய்வீடான அமெரிக்காவிலே சிறு நகரங்கள் படும் பாட்டை நோக்குக. அங்கு மக்கள் விரும்பி ஆடுவது பேஸ்போல் எனும் ஆட்டம். மூங்கிற் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி வரும் எமது எல்லே விளையாட்டுக்கு அது தூரத்து உறவு எனலாம். எல்லேக்கு வேண்டியது ஒரு வெளியும் சில கொடிக்கம்பங்களும் மட்டுமே, அதற்கோ இன்று கோடி கோடியாக டொலர் வேண்டும். பெருநகர அணிகளுக்கு வீரர்களைப் பழக்கித் தரும் இரண்டாந்தர அணிகள் நூற்றுக்கு மேற்பட்ட சிறு நகரங்களில் உள்ளன. அணி தனியார் சொத்து. அது ஆடும் அரங்கைப் பெரும்பாலும் நகரசபை வரிப்பணத்தில் கட்டித் தருகிறது.

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்ட் அந்நாட்டின் வறிய நகரங்களுள் ஒன்று. 2014ல் அதன் நகர நிருவாகம், சற்றுத் தூரத்திலிருந்த நியூ பிரிட்டன் எனும் சிறு நகரின் அணியைத் தன்பால் இழுக்கப் புதிய அரங்கு கட்ட முற்பட்டது. வறிய நகரொன்று தன்னிலும் சிறிய நகரிடமிருந்து அணியைப் பறித்ததே இதில் முதலிற் கவனிக்க வேண்டிய செய்தி; மாநிலத்தின் செல்வம் இதனால் ஒரு காசும் பெருகவில்லை, இடம் மாறியது அவ்வளவே. 5 கோடி 60 இலட்சம் டொலர் எனத் திட்டமிட்ட செலவு 7 கோடியைத் தாண்டிற்று. 2016 ஏப்ரலில் திறக்க வேண்டிய அரங்கு திறக்கப்படவில்லை, ஒப்பந்தகாரரை நகரம் விலக்கியது, வழக்குகள் எழுந்தன. அவ்வாண்டு முழுவதும் அந்த அணி சொந்த ஊரில் ஓர் ஆட்டமும் ஆடாது ஊர் ஊராகத் திரிந்தது. 2017 ஏப்ரலில் அரங்கு திறக்கப்பட்டது. அதே ஆண்டு நகரசபை திவாலாவதா தவிர்ப்பதா என்று ஆராயும் நிலைக்கு வந்தது. 2018ல் மாநில அரசு 50 கோடி டொலருக்கு மேற்பட்ட நகரின் கடனைத் தன் தலையிற் சுமந்தது. அக்கடனில் அரங்கு ஒரு சிறு பங்கே என்பதையும், திறந்த பின்னர் மக்கள் திரளாகச் சென்று ஆட்டங்களைக் கண்டுகளித்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரங்கைச் சூழ எழுமென்று கூறிய வீடுகளும் கடைகளும் வழக்குமன்றத்தில் ஆண்டுக்கணக்காக முடங்கிக் கிடந்தன.

றோட் ஐலண்ட் மாநிலத்துப் போட்டக்கெற் நகரின் கதை இன்னும் துயரமானது. 1942ல் திறக்கப்பட்ட அதன் பழைய அரங்கிலேதான் 1981ல் 33 சுற்றுகள் நீண்ட, அவ்விளையாட்டின் வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் நடைபெற்றது. நெசவாலைகள் மூடப்பட்ட தொழிலாளர் நகரமொன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்தது அது ஒன்றே. புதிய அரங்கு கேட்டனர் அணியின் உரிமையாளர்; பேரம் படியவில்லை. அயல் மாநிலத்து வூஸ்ரர் நகரம் பொதுப்பணத்தில் அரங்கு கட்ட முன்வந்தது. 2021ல் அணி அங்கு சென்றுவிட்டது. அதே ஆண்டில் பேஸ்போலின் தலைமை அமைப்பு ஏறத்தாழ 40 சிறு நகர அணிகளின் தொடர்பை அறுத்து 120 அணிகளை மட்டும் வைத்துக்கொண்டது. எஞ்சியவற்றுக்கு அரங்கின் விளக்கு, உடைமாற்றும் அறை, பயிற்சிக்கூடம் ஒவ்வொன்றும் எத்தகையனவாக இருத்தல் வேண்டுமெனப் புதிய விதிகளை இயற்றியது. அவ்விதிகளை நிறைவேற்றப் பணம் தேட வேண்டியவர் பல ஊர்களில் நகரசபையினர். றோஜர் நோல், அண்ட்ரூ சிம்பலிஸ்ட் எனும் பொருளியலறிஞர் இருவர் 1997ல் தொகுத்த ஆய்வுநூல், பொதுப்பணத்தில் எழும் அரங்குகள் போட்ட பணத்துக்கு ஈடான வருவாயை ஊருக்குத் தருவதில்லை என்பதை விரிவாக நிறுவியது. அதன் பின்னர் வந்த ஆய்வாளரும் பெரும்பாலும் அதையே வழிமொழிந்தனர். அரங்குகள் எழுவது நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதே நாம் ஆராய வேண்டியது. அறியாமையென்று கூறி அமைவது எளிது. எமக்குத் தோன்றுவது வேறு. விதியை வகுப்பவன் ஒருவனாகவும் விலையைக் கொடுப்பவன் இன்னொருவனாகவும் இருக்கும் ஏற்பாடே இதன் வேர். உலகக் கிண்ணத்தை நடத்தும் சர்வதேச அமைப்பு, இத்தனை ஆசனம், இத்தகைய ஒளிவிளக்கு, இத்தனை ஊடக அறை என்று பட்டியல் தருகிறது. அப்பட்டியலை நிறைவேற்ற ஏழை நாடு கடன்படுகிறது. ஒளிபரப்பு உரிமையின் பணம் வேறு திசையிற் பாய்கிறது. பேஸ்போல் உரிமையாளர் செய்வதும் இதையே. தோட்டத் துரை தேயிலையின் தரத்தை விதிப்பான், கொழுந்து பறிப்பவள் முதுகு வளைவாள் என்பது எமக்குப் பழகிய செய்திதானே. இவ்விடத்தில் இன்னொன்றும் உண்டு. மைதானத்தைத் திருத்தி அமைத்தால் பளிங்குக் கல் நாட்ட முடியாது. நூறு ஊர்களில் நூறு புற்றரைகளை நீர் ஊற்றிப் பேணுவதைப் படமெடுத்துக் காட்டும் பத்திரிகை எது?

இனி எமது ஊருக்கு வருவோம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழப் பொதுநிலம் குறைவாயில்லை. பொதுமக்கள் கால் வைக்கக்கூடிய நிலமே குறைவு. பிரெடெரிக் கோட்டையில், கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியின் இருமருங்கும் இராணுவம் இருக்கிறது. உட்துறைமுகத்துக் கப்பற்றளம் கடற்படையிடம். 1957ல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியபோது வாயிற்காவலரின் சீருடை மாறியது, வாயில் திறக்கவில்லை. சீனக்குடாவில் அந்நியர் தம் கப்பல்களுக்கென எழுப்பிய எண்ணெய்க் குதங்கள் 101இல் 99 இன்னும் நிற்கின்றன, அவற்றைப் பற்றிய ஒப்பந்தங்கள் கொழும்பிலும் தில்லியிலும் எழுதப்படுகின்றன. அதே சீனக்குடாவில் விமானப்படையினர் 18 குழிகள் கொண்ட கொல்ப் திடல் ஒன்றை நடத்துகின்றனர். விமானப்படைத் தளபதியின் பெயரால் அங்கே கிண்ணப் போட்டி நடைபெறுவதுண்டு. ஆகவே இப்பகுதியில் விளையாட்டுக்கு நிலம் இல்லையென எவரும் சொல்லிவிட முடியாது. அத்திடலில் கொல்ப் ஆடும் வலைத்தொழிலாளி ஒருவனை நாம் இதுவரை கண்டதில்லை.

நகரில் மக்கெய்சர் விளையாட்டரங்கு இருக்கிறது. ஏகாம்பரம் மைதானம் இருக்கிறது. உழைப்போர் பிள்ளைகளின் ஆட்டம் இங்கு உதைபந்தாட்டமே. திருகோணமலையானாலும் கிண்ணியாவானாலும் மூதூரானாலும், மாலையில் வெளி கண்ட இடமெல்லாம் இரு கற்களை நட்டுக் கோல்கம்பமாக்கி விளையாடும் சிறுவரைக் காணலாம். இனங்கள் மூன்றும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில், கலவரத்தையும் போரையும் தாண்டி அவ்வப்போது ஒருவரையொருவர் எதிர்த்து ஆடவாவது கூடிய இடம் மைதானமே. பெண்பிள்ளைகளின் நிலையை எழுத வெட்கமாக இருக்கிறது. உடைமாற்ற ஓர் அறையும் கழிப்பிடமும் இல்லாத மைதானத்திற்கு எந்தத் தாய் தன் மகளை மனமுவந்து அனுப்புவாள்? பார்வையாளர் மேடை கட்டும் திட்டங்களிலே இந்த அறைக்கு இடம் கடைசியில்தான் கிடைக்கிறது.

திறந்த வெளி இவ்வூர் இளைஞருக்குப் பொழுதுபோக்குப் பொருளன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006 சனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலையின் அருகே கூடியிருந்த மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரையும் 2019 யூலையில் திருகோணமலை நீதிமன்று விடுவித்தது. மாலையிற் கூடியமர்ந்து பேசுவதே உயிருக்கு ஆபத்தாய் இருந்த ஊரிலே, அஞ்சாது கூடுதற்கும் ஓடுதற்கும் இடம் வேண்டுமென்பது அரசியற் கோரிக்கை. கட்டணம் செலுத்தி, பையைச் சோதிக்கக் கொடுத்து, இலக்கமிட்ட ஆசனத்தில் ஆண்டுக்கொருமுறை அமரும் உரிமையை அதற்கு ஈடாகக் கொள்ள முடியுமா?

மண்டைதீவுக்குத் திரும்புவோம். எமது மண்ணிலே அத்திவாரம் தோண்டுவது எளிய செயலன்று. 1999ல் யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கைச் சீர்படுத்தத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. இந்திய அரசின் நிதியால் புதுக்கப்பட்ட அவ்வரங்கை 2016 யூன் 18ஆம் திகதி பிரதமர் மோடி தில்லியிலிருந்தவாறே காணொளி மூலம் திறந்துவைத்தார். எலும்புகளைப் பற்றிய பேச்சு அவ்விழாவுக்கு உரியதாகக் கருதப்படவில்லை. 2025 பெப்ரவரியில் அரியாலைச் சிந்துபாத்தி மயானத்தில் எரியூட்டும் மேடைக்காகத் தோண்டியபோது கிடைத்தவற்றை நாடே அறியும். மண்டைதீவிலோ, 1990 ஆகஸ்டில் படையினர் தீவுப்பகுதியைக் கைப்பற்றிய நாட்களிற் பிடித்துச் செல்லப்பட்டோர் கொல்லப்பட்டுக் கிணறுகளில் இடப்பட்டனர் என உறவினர் கூறிவருகின்றனர். அக்கிணறுகளை அகழ்ந்து பார்க்கக் கோருகின்றனர். அரங்கு எழும் காணியும் கிணறுகளும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஒரே தீவிலே ஒரு தோண்டுதலுக்கு மட்டும் அவசரம் இருப்பதையே சுட்டுகிறோம். ஆழமற்ற கடல்நீரேரியும் சதுப்பும் சூழ்ந்த, நன்னீர் அரிதான அத்தீவிலே புற்றரைக்கும் பெருங்கூட்டத்துக்கும் நீர் எங்கிருந்து வரும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர் எழுப்பும் ஐயமும் அற்பமானதன்று.

வடக்கின் துடுப்பாட்டம் அரங்கினால் வளர்ந்ததுமன்று. யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ 1904இலிருந்து வரும் மரபு. அது பாடசாலை மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவரின் ஆட்டம். அந்த மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020ல் சூரியவெவவின் ஆளில்லா அரங்கிலே யாழ்ப்பாண அணிக்கு ஆடி, பின்னர் இலங்கை அணியிலும் இடம்பெற்றார். அவரை உருவாக்கியவை ஒரு பாடசாலையின் புற்றரையும் பொறுமையுள்ள ஆசிரியர்களுமே. அத்தகைய புற்றரை சம்பூரில் உண்டா? 2006ல் இடம்பெயர்ந்து பத்தாண்டுக்குச் சற்றுக் குறைய அகதிமுகாம்களில் கிடந்து மீண்ட அம்மக்களின் பிள்ளைகள் எங்கே பந்து வீசிப் பழகுவர்?

2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. அத்தகைய பெருந்திட்டங்களின் பின்னே, உள்ளூர் மக்களின் மனத்தைக் குளிர்விக்க அரங்கோ மண்டபமோ அன்பளிப்பாக வருவது உலக வழக்கம். வருமாயின், நாம் கைதட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. காணி யாருடையது, போருக்கு முன் அதில் யார் இருந்தார். கட்டுவதற்கான செலவோடு ஆண்டுதோறும் பேணுவதற்கான செலவையும் மதிப்பிட்டுள்ளனரா. ஆட்டமில்லாத முந்நூற்றுச் சொச்ச நாட்களில் திறப்புக் கோர்வை யார் கையில் இருக்கும். நுழைவுக் கட்டணமும் விளம்பரப் பணமும் எந்தக் கணக்கிற் சேரும். அதே தொகைக்கு மாவட்டத்தில் எத்தனை பாடசாலை மைதானங்களைத் திருத்தலாம் என எவராவது கணக்கிட்டனரா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் அமைச்சிடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் இவற்றைக் கேட்கலாம். ஆசிரியர் சங்கக் கிளைகளும் மாணவர் மன்றங்களும் மண்டைதீவு அரங்கைப் பற்றி இப்போதே கேட்டு, வரும் விடைகளைத் தத்தம் பாடசாலை அறிவித்தற் பலகையில் ஒட்டி வைக்கலாம்.